மாமாவின் வண்டியும் மாமாவின் கையும்

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் கடிகாரம் ஓடவில்லை என்று சொன்னால், வீட்டில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் அதை முன்னின்று நடத்தியவன் நான். அதன் முடிவையும் நானே முன்னின்று நடத்தினேன். பந்தல் போட்டு, சொந்தபந்தம் எல்லாம் கூடி, பிரியாணி தம்மில் இருக்கிற நேரத்தில், என் மகளின் காதுகுத்து விழாவில்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது. மாத்திரை தயாரிக்கிற ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மாத்திரை உடைந்து வந்தால் மிஷின் உடைத்ததா, ஆள் உடைத்தாரா என்று கண்டுபிடிக்க வேண்டும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துவிட்டு வருகிறவனால் அந்தப் பழக்கத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட முடியாது. மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எப்பலேர்ந்து ஒழுகுது? கடைசியா யார் மூடினது?" என்று விசாரிப்பேன். (குழாயைச் சரிசெய்ய மாட்டேன். அதற்கு வேறு ஆள் வரவேண்டும்.)

என் மாமனார் தணிகாசலம், கிருமாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊரில் நெல்லும் கரும்பும் வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். அவரிடம் ஒரு நூறு சிசி பைக் இருந்தது. விடிந்ததும் அதில்தான் மோட்டார் கொட்டகைக்குப் போவார். பாகூர் போனாலும் அதுதான். சாயந்திரம் ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு கடலூர் ரோட்டு டீக்கடைக்குப் போவார். அங்கே அவர் வயதுக்காரர்கள் கூடுவார்கள். வீட்டில் பேசாத பேச்சையெல்லாம் அவர் அங்கேதான் பேசுகிறார் என்று அத்தைக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் ஹேண்டிலைப் பிடித்திருக்கிற மாதிரியே தெரியாது. கூட நடந்து வருகிற ஆளின் தோளில் கை வைத்திருப்பதுபோல லேசாக வைத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போயிருந்தபோது அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ள, வண்டி ஒதறுது."

எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. கல்யாணமான நாளிலிருந்து மாமா என்னிடம் கேட்ட முதல் யோசனை அது.

"எங்க மாமா ஒதறுது?"

"முன்னால, ஹேண்டிலு. ஓட்டிக்கினு போறப்ப ஒண்ணும் இல்ல. வேகத்தைக் கொறைக்கறப்பதான். கையை லேசா வெச்சிக்கினு இருந்தா கிடுகிடுன்னு ஆடுது. ரொம்ப ஸ்லோ ஆனதும் தானா நின்னுடுது."

இப்போது யோசித்தால், ஒரு வண்டியின் நோயை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. எப்போது ஆடுகிறது, எங்கே ஆடுகிறது, கை எப்படி இருந்தால் ஆடுகிறது என்று எல்லாமே அதில் இருந்தது. நான் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். மீதிப் பாதி நேரம் என்ன கேள்வி கேட்டால் விஷயம் தெரிந்தவன் மாதிரி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முன்சக்கரத்துக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினேன், காற்று இருந்தது. ஒரு ஸ்பேனரால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். எல்லாம் 'டிங்' என்றன. (டிங் என்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி டிங் என்றதால் திருப்தியாகத் தலையாட்டினேன்.) பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்று போனேன். தெருவில் ஆடு, கோழி, காயப்போட்ட நெல், குறுக்கே நாய். முப்பதைத் தாண்டவே இல்லை. அதோடு நான் பைக் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஹேண்டிலைப் பாம்பின் கழுத்தைப் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பேன், விட்டால் கடித்துவிடும் என்று. அந்தப் பிடியில் ஆடுவதற்கு எந்த வண்டிக்கும் தைரியம் வராது.

"ஒண்ணும் இல்லயே மாமா. நல்லாதானே இருக்குது?" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆடுது மாப்ள," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் பாகூரில் ஒரு மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் வேறொரு வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எந்த நட்டு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கவலையோடே எங்கள் வண்டியில் ஏறித் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"நல்லாதான் கீது சார்."

"ஸ்லோ பண்ணா ஆடும்பா," என்றார் மாமா.

"ஸ்லோ பண்ணா எல்லா வண்டியும் கொஞ்சம் ஆடத்தான் பெரியவரே செய்யும்."

நான் மெக்கானிக்கைத் தனியாகத் தள்ளிக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, "வண்டில ஒண்ணும் இல்லன்னா… ஓட்றவர் கைல ஏதாவது இருக்குமோ?" என்று கேட்டேன்.

அவர் கண் கீழே கிடந்த நட்டுகளின் மேலேயே இருந்தது. "இருக்கும் சார். வயசாயிடுச்சில்ல?" என்றார்.

நான் கேட்ட கேள்வியை அவர் எனக்கே பதிலாகத் திருப்பிக் கொடுத்தார். அதை நான் ஒரு நிபுணரின் கருத்தாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்று மதியம் சாப்பிடும்போது மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் டம்ளரை எடுத்தார். தண்ணீர் ஆடியது. (டம்ளர் விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது. என் மகள் ஊற்றியது. சுமோ பயில்வான் தூக்கினாலும் ஆடியிருக்கும்.) எனக்கு அது போதும். திரும்பி வரும்போது என் மனைவி கலைச்செல்வியிடம், "பயப்படாத. உங்கப்பாவுக்கு லேசா கை நடுங்குதுன்னு நினைக்கிறேன். வண்டி ஆடல, கைதான் ஆடுது," என்றேன்.

பயப்படாதே என்று ஆரம்பித்தால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? கலை அழுதேவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் தங்கை தேவிக்குப் போன் போட்டாள். தேவி அவளுடைய நாத்தனாரிடம் சொன்னாள். என் வாயிலிருந்து 'லேசாக' என்று கிளம்பிய நடுக்கம் வழியில் நரம்புத் தளர்ச்சியாகி, ஏம்பலத்தில் இருக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டதாக ஆகிவிட்டது. மறுநாள் மாமா கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தால், சித்தப்பாவும் சித்தியும் ஆப்பிளும் ரொட்டியும் வைத்துக்கொண்டு சோகமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"யாருக்கு இன்னா?" என்று பதறிப்போய்க் கேட்டிருக்கிறார் மாமா.

"உனக்குத்தான்," என்றிருக்கிறார் சித்தப்பா.

வில்லியனூர் ரோட்டில் ஒரு நரம்பு டாக்டரிடம் நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். தாள் மேஜைமேல் கிடப்பதுபோலக் கிடந்தது. மூக்கைத் தொடச் சொன்னார், தொட்டார். எழுந்து நடக்கச் சொன்னார், நடந்தார். டாக்டர் அதன்பிறகு என்னைப் பார்த்தார். நான் படபடப்பில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கையை நீட்டுங்க சார்."

நீட்டினேன். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

"நிறைய காபி குடிப்பீங்களா?"

"வேலை அப்படி டாக்டர்," என்றேன்.

"பெரியவருக்கு ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர்.

புத்தி உள்ளவன் அந்த இடத்தில் எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பான். நான் விடவில்லை. "இப்ப இல்லாம இருக்கலாம். ஆரம்பத்துல தெரியாதில்லையா டாக்டர்?" என்று கேட்டேன். வெளியே நோயாளிகள் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். "எதுக்கும் ஆறு மாசம் கழிச்சி ஒரு தடவ வாங்க," என்று சொல்லி அவர் மணியை அடித்தார்.

'ஒண்ணும் இல்ல' என்ற நல்ல வார்த்தையை அங்கேயே விட்டுவிட்டு, 'எதுக்கும்' என்ற ஒற்றை வார்த்தையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். நடுக்கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். நான் மிகவும் பண்பாகத்தான் பேசினேன். கெடுதல் செய்கிறவர்களில் பண்பாகச் செய்கிறவர்களை எதிர்ப்பதுதான் கஷ்டம்.

"கொஞ்ச நாளைக்கு வண்டி வேணாம் மாமா. ஹைவேஸ்ல பஸ்ஸு எப்படி வருதுன்னு உங்களுக்கே தெரியும்."

மாமா கலையைப் பார்த்தார். கலை தரையைப் பார்த்தாள். மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால் நான் கொஞ்சமாவது யோசித்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. வயலுக்கு நடந்து போக ஆரம்பித்தார். அதில் அவருக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் கடலூர் ரோட்டு டீக்கடை நடக்கிற தூரத்தில் இல்லை. யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார். சாயந்திரமானால் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, பிறகு இன்னொரு தடவை வைக்கோல் போடுவார். அடுத்தவர் முன்னால் காபி டம்ளரை எடுப்பதை நிறுத்திவிட்டார். கொடுத்தால் கீழே வைத்துவிடுவார். எல்லாரும் எழுந்து போனபிறகு ஆறிப்போனதைக் குடிப்பார். அத்தைக்குக் கோபம் வந்தது.

"மாப்ள, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. காலைல ரெண்டு மாடு கறக்கறாரு. நேத்திக்கு அவர் சட்டைக்கு அவரே பட்டன் தெச்சிக்கினாரு, ஊசில நூலும் அவரேதான் கோத்தாரு. வண்டில ஏறினா மட்டும் ஆடற கை, அது இன்னா கை?"

நான் டாக்டர் மாதிரி புன்னகை செய்தேன். "அப்படித்தான் அத்தை இருக்கும். விட்டு விட்டு வரும்," என்றேன்.

அதே நாள் சாயந்திரம் நான் கொல்லைப்பக்கம் போனபோது, மாட்டுக் கொட்டகையில் மாமா தனியாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைப் பிரித்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அசையாமல்தான் இருந்தன. ஆனாலும் அவர் கண்ணை எடுக்கவில்லை. எப்போது ஆடும் என்று காத்திருப்பவர் மாதிரி நின்றார். நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, 'பாவம், அவருக்கே தெரிந்துவிட்டது' என்பதுதான்.

இந்த நிலைமையில்தான் மகளின் காதுகுத்து வந்தது. மாமா ஊரிலேயே, அவர்கள் குலதெய்வம் கோயிலுக்கு எதிரே, ரோட்டோரமாகப் பந்தல். வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம். நடுவில் ஃபிளெக்ஸ். மேலே மகளின் படம். கீழே என் படம், கூப்பிய கைகளோடு, 'அனைவரும் வருக வருக' என்று. (கோட்டு போட்ட படமே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். சித்திரை மாதம்.) நான் பட்டுவேட்டி கட்டியிருந்தேன். காலையிலேயே குழந்தைக்கு மொட்டை அடித்தாயிற்று. தாய்மாமன் முறைக்கு ஏம்பலம் சித்தப்பாவின் மகன். அவன் மடியில் உட்காரவைத்து ஆசாரி ஊசியை எடுக்க, அவள் போட்ட சத்தத்தில் மேளக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார். "கொஞ்ச நேரம் போவட்டும்," என்று ஆசாரியும் ஊசியைக் கீழே வைத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் வந்தார். "பிரியாணிக்குப் பச்சடி போட தயிரு பத்தாது சார். வந்தது பாதி புளிச்சிப்போச்சி."

"நான் போய் வாங்கிட்டு வரேன்," என்று கிளம்பினேன். என் ஸ்கூட்டரை யாரோ பூ வாங்க எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து மாமாவின் வண்டிச் சாவியை எடுத்தேன். வண்டியை வெளியே தள்ளும்போது மாமா பந்தலிலிருந்து வேகமாக வந்தார்.

"மாப்ள, பின்னால வெயிட்டு வெச்சிக்கினு வந்தா இன்னும் ஜாஸ்தியா ஆடும். வேகத்தைக் கொறைக்கறப்ப ரெண்டு கையாலயும் நல்லாப் புடிச்சிக்கங்க."

நான் அவர் தோளைத் தட்டினேன். என் மாமனாரின் தோளை, நான், தட்டினேன். "நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க போய் நிழல்ல உக்காருங்க."

பாகூரில் ஒரு பால்காரர் வீட்டில் பெரிய அலுமினிய கேனில் தயிர் கிடைத்தது. கேரியரில் வைத்து ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டினேன். திரும்பி வரும்போது ரோடு காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். காற்று நன்றாக வீசியது. ஐம்பதைத் தொட்டிருப்பேன். வண்டி தண்ணீரில் போகிற மாதிரி போனது. 'இந்த வண்டியைப் போய் ஆடுதுன்னு சொல்றாரே' என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தல் கண்ணுக்குத் தெரிந்தது. வாசலில் கூட்டம். வீடியோக்காரர் கேமராவை என் பக்கம் திருப்பினார். நான் ஆக்சிலேட்டரை விட்டேன். வேகம் இறங்க ஆரம்பித்தது. காற்றில் பட்டுவேட்டி ஒரு பக்கமாக விலகிப் பறந்தது. வீடியோவில் அப்படி வரக்கூடாதே என்று இடது கையை எடுத்து வேட்டியை இழுத்துச் செருகினேன். வலது கை சும்மா ஹேண்டில் மேல் இருந்தது, லேசாக.

அப்போதுதான் ஆடியது.

முதலில் உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு. அடுத்த நொடி, கரையில் எடுத்துப்போட்ட கெளுத்தி மாதிரி ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளியது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? டாக்டர் வைத்த தாள். 'ஐயோ, எனக்குத்தான் கை நடுங்குது' என்று நினைத்தேன். பதறிப்போய் இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்ததில் வண்டி கோணலாகத் திரும்பியது. பிரேக்கை அமுக்கினேன், எந்தப் பிரேக் என்று இன்றுவரை தெரியாது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. யார்மேலும் மோதவில்லை, அது சாமி புண்ணியம். இடது பக்க வாழைமரத்தைச் சாய்த்துக்கொண்டு, கோட்டுப் போட்டுக் கைகூப்பி எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்த என் முகத்தை நானே கிழித்துக்கொண்டு பந்தலுக்குள் போய் விழுந்தேன். டியூப் அறுந்து கேன் தனியாகப் பறந்தது. மூடி திறந்து, தயிர் முழுவதும் என் தலையில் கொட்டியது.

 முதலில் கேட்டது ஒரு சிரிப்புச் சத்தம். என் மகள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்தபடி மொட்டைத் தலையை ஆட்டி ஆட்டி, மூச்சுமுட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆசாரி தொழில் தெரிந்தவர். அவள் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு காதையும் குத்திவிட்டார்.

கலை ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் மாமா வந்துவிட்டார். என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். கால் முட்டியில் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து என் கண்ணிலும் மூக்கிலும் இருந்த தயிரைத் துடைத்தார். துடைக்கும்போது அவர் கை மரக்கட்டை மாதிரி நின்றது. நடுங்கியது முழுக்க நான்தான்.

"ஆடுச்சா மாப்ள?" என்றார்.

குரலில் கேலி துளியும் இல்லை. ஒரே ஒரு சாட்சிக்காக இத்தனை நாள் காத்திருந்தவரின் குரல்.

"ஆடுச்சு மாமா."

"வேகத்தைக் கொறைக்கறப்ப?"

"ஆமா மாமா."

"கையை லேசா விட்டப்ப?"

"ஆமா."

மாமா நிமிர்ந்தார். அவ்வளவு கூட்டத்துக்கும் மேலாகச் சமையல் பக்கம் திரும்பி, நான் அதுவரை கேட்டிராத ஒரு பெரிய குரலில் அத்தையைக் கூப்பிட்டார்.

"ஏ ஆடுச்சாம்டீ! மாப்ளக்கும் ஆடுச்சாம்டீ!"

முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம். பேத்திக்குக் காது குத்தியதைக்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பார்க்கவில்லை. கீழே கிடந்த வண்டியை ஓடிப்போய்த் தூக்கினார். பிறகு அதன் சீட்டைத் தட்டிக்கொடுத்தார், சண்டையில் ஜெயித்துவந்த காளையைத் தட்டுவதுபோல. பச்சடி இல்லாமலே எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். யாரும் குறை தெரிந்ததாகச் சொல்லவில்லை. பேச வேறு விஷயம் இருந்தது.

மறுநாள் அதே பாகூர் மெக்கானிக்கிடம் போனோம். இந்தத் தடவை அவரிடம் வேறு வேலை இல்லை. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை அமுக்கி, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். முன்சக்கரத்தைத் தாங்குகிற போர்க் கம்பிகள் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்தார். 'கடக், கடக்' என்று கழுத்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பச் சொன்னார். நேராக வருகிற இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி சிக்கியது. ஹேண்டில் கழுத்துக்குள் இருக்கிற குண்டுகள், கோன் செட் என்று சொல்வார்களே, அது தேய்ந்து லூசாகிவிட்டிருந்தது. டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவினால் அலை அலையாக மேடும் பள்ளமும். கெட்டியாகப் பிடித்தால் கை அதை அமுக்கிவிடும், லேசாக விட்டால்தான் தெரியும், பின்னால் சுமை வைத்தால் முன்சக்கரம் இலேசாகி இன்னும் அதிகமாக ஆடும் என்று அவர் விளக்கினார்.

"நேத்து விழுந்ததுல ஆனதா?" என்று நப்பாசையோடு கேட்டேன்.

"இல்ல சார். இது ரொம்ப நாளாவே இப்படித்தான் இருந்திருக்கும்," என்றார், இந்த வண்டியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி. நானும் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தினால் இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

கோன் செட்டும் டயரும் மாற்றியாயிற்று. சாவியை மாமாவிடம் கொடுக்கும்போது சொல்வதற்காகச் சில வாக்கியங்களை மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையும் அதில் இருந்தது. "மாமா, நான் வந்து…" என்று ஆரம்பித்தேன்.

"முட்டி எப்படிக்கீது மாப்ள? வீக்கம் இருந்தா வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க," என்று சொல்லிக்கொண்டே சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, சட்டை மாற்றி, கடலூர் ரோட்டுக்குக் கிளம்பிவிட்டார். வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். டீக்கடையில் என் கதை எப்படியெல்லாம் ஓடியிருக்கும் என்று நான் ஊகித்துக்கொண்டேன். ஓடட்டும் என்று இருந்தது.

அந்த வீடியோ இப்போது எல்லாருடைய போனிலும் இருக்கிறது. கல்யாணம், சீமந்தம் எதற்குப் போனாலும் யாராவது ஒருவர் போட்டுக் காட்டுவார். அதைவிட மோசம் என் கொழுந்தியாள் தேவி. அவள் வீட்டில் எது கெட்டாலும் முதல் போன் எனக்குத்தான்.

"மாமா, மிக்சி ஓவரா கத்துது. எங்க மாமியார எந்த டாக்டர்கிட்ட காட்டலாம்?"

"மாமா, ஃபிரிட்ஜு கூலிங்கே இல்ல. இவருக்கு ஜுரம் அடிக்குதான்னு பாக்கவா?"

என் மகள் வளர்ந்து, அவளும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். சைக்கிள் செயின் கழன்றால், "அப்பா, என் காலுக்கு ஸ்கேன் எடுக்கணுமா?" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். வேறு வழியில்லை.

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் சத்தம் குறைந்துபோனது. எவ்வளவு கூட்டினாலும் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. "டிவி போயிடுச்சி, ஆளை வரச் சொல்லணும்," என்றேன். கலையும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் நான் அடுத்தவரைப் பார்த்தது அப்படித்தான். இத்தனை வருஷம் மாத்திரை மிஷின் போடுகிற இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கலை ஏற்கெனவே ஒரு காது டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போதும் வண்டியில்தான் வருகிறார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "டிவில சத்தமே வரல மாமா," என்றேன். இதைக் கேட்டதும் மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடினாள்.

மாமா சிரிக்கவில்லை. எழுந்து போய் டிவியைத் திருப்பினார். பின்னால் இருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகினார். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டார், குறைக்கச் சொல்லிக் கேட்டார். நான் கூட்டிய ஒரு கட்டத்தில் கலை சமையலறையிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். மாமா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

டிவியைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டிவிதான் மாப்ள. ஸ்பீக்கரு போயிருக்குது," என்றார், எனக்கு ஒரு வார்த்தைகூடத் தவறாமல் கேட்கும்படி, அடிவயிற்றிலிருந்து கத்தி.